வலைக்கண்ணும் கலைக்கண்ணும்

ஒருவர் வியர்வை சிந்தும் களம் மற்றொருவருக்கு இனிய காட்சியாக அமைவது உலக இயல்பு. வயல் உழவனுக்குக் கவலை, வழிப்போக்கனுக்குப் பசுமை. கடல் மீனவனுக்குத் தொழில். மாலையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கு அமைதி. இதில் குற்றம் ஏதுமில்லை என்றே நாம் எண்ணுகிறோம். பார்ப்பதோடு நின்றுவிட்டால் அவ்வெண்ணம் சரியே. ஆனால் பார்த்ததைப் படமாக்கி, சட்டமிட்டு, விலை குறித்துச் சுவரில் மாட்டும்போது ஒரு வினா எழுகிறது. கடற்கரையைத் தம் கலைக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளும் ஓவியர், அக்கரையில் வாழும் மக்களுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா? கடன் உண்டெனில், அதை எவ்வாறு தீர்ப்பது?

வினாவை வெற்றிடத்தில் வைத்து ஆராய்வதைவிட ஓர் இடத்தில் வைத்து ஆராய்வது நலம். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தமிழகத்திலும், பெரும்பகுதி ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆரணி ஆறு தெற்கிலும் காளங்கி ஆறு வடக்கிலும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே வங்கக் கடல் உள்ளே வந்து போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் ஆழமற்ற நீரில் இறங்கி நிற்கின்றன. ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல்தீவே சிறீஹரிகோட்டா. கரையெங்கும் மீனவக் குப்பங்கள். 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் எழுந்ததாக வழங்கும் மகிமை மாதா ஆலயம் இவ்வூரின் பழம்பெருமைகளுள் ஒன்று. தூரிகை பிடித்த எவரும் நின்று பார்க்கும் நிலப்பரப்பு இது.

இத்தகைய கரையைத் தீட்டுவதற்குத் திரையச்சு மிகப் பொருத்தமான கலை. கடைத்தெருவில் இதனை ஸ்கிரீன் பிரிண்டிங் என்பார்கள். திருமண அழைப்பிதழும், நினைவஞ்சலி அட்டையும், துணிப்பையில் கடையின் பெயரும் இம்முறையில்தான் நம் ஊர்களில் அச்சாகி வந்தன. மரச்சட்டத்தில் நுண்ணிய வலைத்துணியை முறுக்கேற இழுத்துக் கட்டுவார்கள். ஒளி பட்டால் இறுகும் பசையை அதில் பூசி, படத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்தில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகி அடைபடும். படத்தின் கருமை மறைத்த இடம் நீரில் கழுவுண்டு திறந்துகொள்ளும். பிறகு மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்த கண்களின் வழியே மட்டும் மை இறங்கித் தாளில் பதியும். ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை. வானத்துக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று எனத் திரைகள் மாற, படம் படிப்படியாய் முழுமை பெறும். சப்பானியர் நெடுங்காலமாய்த் துணிகளுக்கு வண்ணமிடக் கையாண்ட வெட்டுத்தாள் முறை இதற்கு முன்னோடி. பட்டுத்துணியைக் கொண்டு செய்யும் முறைக்கு 1907-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். ஏரியின் பரந்த ஒற்றை நிறங்களையும், நேர்கோடாய்க் கிடக்கும் தொடுவானத்தையும் காட்ட இதைவிட ஏற்ற முறை அரிது.

இங்கே தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. வலையின் துளையை மீனவர் கண் என்பர். பார்க்கும் பொறிக்கும் கண் என்றே பெயர். திரையச்சின் துணியிலும் இருப்பவை கண்களே. பருத்தி நூல் வலை நைலான் வலையாக மாறிய அதே நூற்றாண்டில்தான் அச்சுச் சட்டத்தின் பட்டும் நைலானாகவும் பாலியெஸ்டராகவும் மாறியது. மீனவனும் திரையச்சுக் கலைஞனும் ஒரே கருவியின் இரு வடிவங்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். இரண்டின் இயக்கமும் ஒன்றே: சிலவற்றைத் தடுத்தல், சிலவற்றைச் செல்லவிடல். எல்லாவற்றையும் பிடிக்கும் வலை நல்ல வலையாகாது. குஞ்சுகள் தப்பிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே வலைக்கண்ணுக்கு அளவு குறிக்கிறார்கள். எல்லாவற்றையும் காட்டும் திரையும் படம் தராது. முழுவதும் திறந்த திரை தாளை ஒரே மைப்பரப்பாக்கிவிடும். அடைத்தால்தான் உருவம் பிறக்கும்.

ஆகவே, கலைஞர் சிலவற்றை விட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு ஆகாது. விடாமல் எவரும் எதையும் வரைய இயலாது. எதை அடைத்தார், அடைத்ததை அறிந்து அடைத்தாரா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பழவேற்காட்டைப் பற்றிய படங்களில் பொதுவாக எது திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று பார்ப்போம். பூநாரை திறந்திருக்கும். தனித்து நிற்கும் படகு திறந்திருக்கும். சாயும் சூரியன் திறந்திருக்கும். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும் மாதங்கள் அப்படங்களில் இல்லை. அம்மாதங்களில் படகு கடலுக்குச் செல்ல வழியிராது. கடல்நீர் உள்ளே வராமையால் இறால் குஞ்சும் ஏரிக்குள் வராது. இடுப்பளவு நீரில் அமர்ந்து சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் இல்லை. எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள நீர்ப்பரப்பில் இருளர் பெண்கள் பலருக்கு இதுவே பிழைப்பு. இரு கைகளும் சேற்றில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். தெற்கே நிற்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும், அதன் விரிவாக்கத்தை எதிர்த்து மீனவ ஊர்கள் எழுப்பிய குரலும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. சிறீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும் நாளில் வானில் தோன்றும் ஒளிக்கோடு படமாகலாம். அன்று கடலுக்குச் செல்லக் கூடாதென்று கரையில் கட்டிப்போட்ட படகு படமாவதில்லை.

இயற்கைக் காட்சி என்ற கருத்தே இவ்வாறு அடைப்பதற்கு நம்மைப் பழக்கியிருக்கிறது. செர்மானிய மெய்யியலார் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், அழகைத் துய்ப்பவன் தன்னலப் பற்றின்றித் துய்க்க வேண்டும் என்று நிறுவினார். ஆழ்ந்த கருத்து அது. ஒரு மாங்கனியின் வண்ணத்தை வியப்பவன் அதைத் தின்ன எண்ணாமல் வியக்கும்போதே அழகைக் காண்கிறான் என்பதில் உண்மை உண்டு. ஆனால் பற்றற்ற பார்வை எளிதில் பொறுப்பற்ற பார்வையாக நழுவிவிடும். எனக்கு இக்கரையில் ஆதாயம் ஏதும் வேண்டாம் என்பவர், எனக்கு இக்கரையோடு தொடர்பே வேண்டாம் என்ற இடத்துக்குத் தம்மை அறியாமலே வந்து சேரக்கூடும்.

நம் முன்னோர் நிலத்தை வேறு விதமாகப் பார்த்தார்கள். தொல்காப்பிய மரபில் நெய்தல் வெறும் மணலும் நீரும் அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வமும் மக்களும் பறவையும் மரமும் தொழிலும் கருப்பொருள். மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் நெய்தலின் உறுப்புகள். புன்னையும் தாழையும் எப்படியோ அப்படியே பரதவரும் நுளையரும். இவற்றுக்கெல்லாம் உயிராய் நிற்கும் உரிப்பொருள் இரங்கல். சென்றவன் திரும்புவானா என்று கரையில் நின்று ஏங்கும் நெஞ்சம் இல்லாமல் நெய்தல் நெய்தலாகாது. உழைப்பையும் ஏக்கத்தையும் நீக்கிவிட்டுக் கடற்கரையை அழகு என்று வரையும் ஓவியர், ஐரோப்பியக் கண்ணால் நம் கரையைப் பார்க்கிறார் எனலாம். தமிழ்க் கண் கரையை மக்களோடு சேர்த்தே பார்த்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பே. அப்படியானால் கலைஞர் துண்டறிக்கைதான் அச்சிட வேண்டுமா? ஒவ்வொரு படத்திலும் புகைபோக்கியும் கண்ணீரும் இருந்தாக வேண்டுமா? பூநாரையை வரைவது பாவமா? இவ்வாறு கேட்போருக்கு, இல்லை என்றே நாம் விடை கூறுவோம். வறுமையில் வாழ்வோரின் கரையில் அழகுக்கு இடமில்லை என்பது அவர்களுக்கு இழைக்கும் மற்றோர் அநீதி. படகின் மூக்கில் மீனவர் எழுதும் பெயரையும் பூசும் வண்ணத்தையும் கண்டவர்கள், மாதா திருநாளில் தேர் சோடிக்கும் கைகளைக் கண்டவர்கள், ஏழைக்கு அழகு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நீரின் நிறம் மாறுவதைக் கொண்டே மீன் நடமாட்டத்தையும் காற்றின் போக்கையும் கணிக்கும் மீனவனின் கண், எந்த ஓவியரின் கண்ணுக்கும் குறைந்ததன்று. கரையைக் காணத் தெரிந்தவர் தாம் ஒருவரே என்று கலைஞர் எண்ணும்போதுதான் பிழை தொடங்குகிறது.

திரையச்சுக் கலையைத் தம் அழைத்தலாகவே கொண்ட ஒரு துறவியின் வாழ்க்கை இங்கே நமக்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மரியின் மாசற்ற இதய சபையில் 1936-இல் சேர்ந்த அருள்சகோதரி மேரி கொரிட்டா (1918–1986), 1950-களில் திரையச்சைக் கற்று, தம் கல்லூரியிலேயே அதைக் கற்பித்தார். பல படிகள் எடுக்கலாம், குறைந்த விலையில் பலர் கைக்கும் எட்டலாம் என்பதாலேயே அவர் இக்கலையைத் தேர்ந்தார். 1962-இல் அவர் அச்சிட்ட ஒரு படத்தில், கடைகளில் விற்கும் மலிவு ரொட்டியின் பொட்டலத்திலுள்ள வண்ணப் புள்ளிகள் நற்கருணை அப்பத்தை நினைவூட்டும் வட்டங்களாயின. அவர் படங்களில் மகிழ்ச்சி பொங்கியது. பசியும் போரும் அம்மகிழ்ச்சியின் பக்கத்திலேயே இடம் பெற்றன. எதிர்ப்பும் அழகும் ஒரே தாளில் வாழ முடியும் என்பதற்கு அவர் சான்று.

அதே கொரிட்டாவின் வாழ்விலேயே கடினமான வினாவும் உண்டு. 1968-இல் சபையை விட்டு வெளியேறிப் பாஸ்டன் நகரில் குடியேறிய அவர், 1971-இல் அங்குள்ள கடலோரத்தில் நின்ற ஒரு பெரும் எரிவாயுத் தொட்டிக்கு வானவில் பட்டைகளை வரைந்து கொடுத்தார். அத்தொட்டி 1992-இல் அகற்றப்பட்டபோது, அருகிலிருந்த தொட்டியில் அதே ஓவியம் மீண்டும் தீட்டப்பட்டது. நகர மக்கள் அதை நேசித்தனர். அழகற்ற ஓரிடத்துக்கு நம்பிக்கை தந்தது அந்த வானவில் எனலாம். கரையில் நிற்கும் தொழிற்சாலையை நாம் கேள்வி கேட்காதபடி அது மறைத்தது என்றும் கூறலாம். எண்ணூரின் புகைபோக்கிகளுக்கு எவரேனும் வானவில் பூச முன்வந்தால் நாம் என்ன சொல்வோம்? சாம்பல் கலந்த நீரில் வலை விரிப்பவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பதில் சொல்வதே முறை. ஒரே வண்ணம் ஓரிடத்தில் ஆறுதலாகவும் மற்றோரிடத்தில் பூச்சாகவும் அமையும். எது எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை அக்கரையில் மூச்சு விடுபவர்களுக்கே முதலில் உரியது.

பூச்சுக்கு அடியில் எது மறையும் என்பதைப் பழவேற்காடு நெடுநாளாகவே அறியும். ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பி, 1690 வரை சோழமண்டலக் கரையில் தம் வாணிகத்தின் தலைமையிடமாக வைத்திருந்தனர். இக்கரையின் வண்ணத்துணிகள் கீழைத்தீவுகளுக்குச் சென்று நறுமணப் பொருள்களாகத் திரும்பின. கட்டமிட்ட வண்ணக் கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயரே ஒரு காலத்தில் வழங்கியது. ஊரின் பெயர் துணிக்குக் கிடைத்தது. நெய்த கையின் பெயரும் சாயமிட்ட கையின் பெயரும் எங்கும் இல்லை. அதே துறைமுகத்திலிருந்து அதே நூற்றாண்டில் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களும் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். அழகிய துணியைக் கையில் எடுத்தவர்கள் அதன் பின்னிருந்த துறைமுகத்தை நினைத்திருக்க மாட்டார்கள். இன்று ஒல்லாந்தர் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அவற்றின் செதுக்கு வேலைப்பாட்டைப் பயணிகள் வியக்கிறார்கள். கப்பலேறிய அடிமைகளுக்குக் கல்லில்லை.

கடனை எப்படித் தீர்ப்பது என்ற வினாவுக்கு விடை, பழவேற்காட்டு மீனவரின் பழைய வழக்கம் ஒன்றிலேயே இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். அதற்குப் பாடு என்று பெயர். நடுவூர் மாதா குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் இறால் வளம் மிக்க நீர்ப்பகுதிகளை எவரும் தமக்கே உரிமையாக்கிக் கொள்வதில்லை. தலைக்கட்டுக் கணக்கில் பங்கு பிரித்து, சீட்டுப் போட்டு, முறை மாற்றி மீன் பிடிக்கிறார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு; நாளை மற்றொருவருக்கு. மண்ணின் பொருள்கள் அனைவருக்கும் பொது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உரைத்ததை, இம்மக்கள் நீரின்மேல் நடைமுறையாக்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

இம்முறையைக் குறையற்றதாக நாம் போற்ற வேண்டியதில்லை. பாட்டில் பெண்களுக்குப் பங்கில்லை. பட்டினவர் அல்லாத மீனவருக்கும் இருளருக்கும் இடமில்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறிய பின் உரிமைக் கோரல்களும் மோதல்களும் எழுந்தன. நீதிக்கென்று பின்னிய வலையிலும் யாரையோ வெளியே நிறுத்தும் கண்கள் உண்டு என்பதை அதுவும் காட்டுகிறது. எனினும் அதன் அடிப்படை உண்மை அசையாதது: நல்ல இடத்தில் நிற்பவர் அவ்விடம் தமக்கு முறையாக வந்தது என்றும், தமக்குப் பின் வேறொருவர் நிற்க வேண்டும் என்றும் அறிந்து நிற்கிறார்.

பாடு என்ற சொல்லின் ஆழத்தையும் நாம் மறக்கலாகாது. வலையில் கிடைப்பது மீன்பாடு. உழைத்துக் களைப்பது பாடு. நம் ஆண்டவர் சிலுவையில் ஏற்றவையும் பாடுகளே. முறை, பிழைப்பு, துன்பம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழியில் கரையை வரைபவருக்கு, கரையின் பாட்டில் தாமும் ஒரு பங்கை ஏற்கிறோம் என்ற உணர்வு வேண்டும்.

அப்பங்கை ஏற்க முயன்றதற்கு இக்கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வழிகாட்டலில் சென்னைக் கலைஞர்கள் 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். புரவலரை எதிர்பாராமல், மெழுகால் மறைத்துச் சாயமிடும் பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் தாமே செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கினர். கையால் உழைத்து உண்பதும் ஓவியம் வரைவதும் ஒரே வாழ்வாக முடியும் என்று காட்டினர். அக்கரையின் மீனவருக்குப் பட்ட கடன் அதனால் முழுதும் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பார்வையாளராக வந்து போவதற்கும் உழைப்பவராகத் தங்குவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாகிறது.

திரையச்சுக் கலைஞருக்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. தைல ஓவியம் ஒன்றே ஒன்று. வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடும். திரையச்சோ பல படிகள் தரும். அவற்றுள் ஒன்று வரைந்த கரைக்கே திரும்பிச் செல்லலாம். ஏலக்கூடத்திலோ, பள்ளிச் சுவரிலோ, ஆலய வளாகத்திலோ அது தொங்கட்டும். வலை பின்னும் முதியவர் அதைப் பார்த்து, காற்று இப்படி இருக்கும்போது படகு இப்படி நிற்காது என்று திருத்தட்டும். பறி சுமக்கும் பெண், நாங்கள் எங்கே என்று கேட்கட்டும். அக்கேள்வியிலிருந்து அடுத்த திரை பிறக்கும். ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை என்பதே இக்கலையின் விதியாதலால், விடுபட்டவர்களுக்காக இன்னொரு திரை சேர்ப்பது கலைக்கு மாறானதன்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் கலைஞர்களுக்கென்றே ஒரு மடல் எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், எழில்மிக்க இடங்கள் சிலருக்கே உரியவையாகி மற்றவருக்கு அடைபடுவதைச் சுட்டிக்காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் எவருக்கும், அழகு ஒரு கொடை என்பதும் கொடையைத் தனியுடைமையாக்கலாகாது என்பதும் விளங்கும்.

லூக்கா நற்செய்தியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கெனசரேத்து ஏரிக்கரையில் மக்கள் நெருக்க, இயேசு சீமோனின் படகில் ஏறி, கரையிலிருந்து சற்றே தள்ளச் சொல்லி, அதில் அமர்ந்து போதித்தார். இரவெல்லாம் உழைத்தும் ஏதும் கிடைக்காத மனிதனின் படகு அது. அதை அவர் மேடையாக்கினார். போதனை முடிந்ததும் நன்றி சொல்லி இறங்கிப் போய்விடவில்லை. ஆழத்துக்குப் போய் வலை வீசச் சொன்னார். இரவல் வாங்கிய படகு மீன் நிறைந்து அமிழும் நிலையில் கரை திரும்பியது. ஏழையின் தொழிற்கருவியை இறைவாக்குக்கே பயன்படுத்தியவரும் அதை வெறுமையாகத் திருப்பித் தரவில்லை. நம் கலைக்காக ஒரு கரையைக் கடன் வாங்குவோர் இதைவிடக் குறைந்த அளவுகோலை வைத்துக்கொள்ள முடியாது.

இதுவரை கலைஞரைப் பற்றியே பேசினோம். படத்தை வாங்கி மாட்டுபவர்கள் நாம். பங்கு நாட்காட்டியிலும் வரவேற்பறையிலும் கடலும் படகும் தொங்குகின்றன. நல்ல படங்கள் என்றால் அவை தொங்கட்டும். வெள்ளிக்கிழமை மீன் வாங்கும்போது, விலை சொல்லும் பெண்ணிடம் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்கும் அளவுக்காவது நம் கண்ணும் திறந்திருக்க வேண்டும்.